உப்பைத் தடுக்கும் சவ்வு நஞ்சையும் தடுக்குமா?

சோழவரம் ஏரியை மையமாக வைத்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், தமிழகத்தின் நீர்ப் பிரச்சினைகள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். கொசஸ்தலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் தடுத்து, சோழவரம் வழியாகச் செங்குன்றத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 1870களில் உருவானது. சென்னையின் குடிநீர் வரலாறு அங்குதான் தொடங்குகிறது. அதே வட்டத்தின் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. தென்கிழக்கே மணலி, எண்ணூர் தொழிற்சாலைகள். கிழக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கத் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இவற்றுக்கு நடுவே, 1960களிலிருந்து அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்து உவர்ந்துபோன மீஞ்சூர் நிலத்தடி நீர்ப்படுகை.

இந்த வட்டத்துக்குள் வாழும் எல்லோருக்கும் இன்று பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. அது 'ஆர்.ஓ.' என்ற இரண்டெழுத்தின் மீதான நம்பிக்கை. கடல்நீர் ஆலையிலும், தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலும், கேன் குடிநீர் நிறுவனத்திலும், வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டிய பெட்டியிலும் இருப்பது அடிப்படையில் ஒன்றுதான்: எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரிக்கும் மெல்லிய சவ்வு. அது உப்பை நீக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், உப்புநீரில் உப்போடு சேர்ந்து கரைந்திருக்கும் கரிமச் சேர்மங்களை, அதாவது சாயம், எண்ணெய், ஃபீனால், கரைப்பான்கள், மருந்துப்பொருள் எச்சங்கள் போன்றவற்றை, அது எந்த அளவுக்குத் தடுக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சவ்வு எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பொருளியல் கற்பித்தவனுக்குச் சவ்வு வேதியியலில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு பொருளின் தரத்தை வாங்குபவரால் கண்டறிய முடியாதபோது சந்தை தவறான பொருளையே தேர்ந்தெடுக்கும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. தண்ணீர்ச் சவ்வுச் சந்தையில் இன்று நடப்பது அதுதான்.

இரண்டு சவ்வுகளின் கதை

எதிர்ச் சவ்வூடு பரவல் நடைமுறைக்கு வந்த வரலாற்றில் ஒரு தமிழ்ப்பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் இணைந்து, 1960ஆம் ஆண்டையொட்டி, கடல்நீரைப் பயனுள்ள வேகத்தில் பிரித்த முதல் சவ்வை உருவாக்கியவர் சீனிவாச சௌரிராஜன். அதற்கு முன்பும் உப்பைத் தடுக்கும் படலங்கள் இருந்தன. ஆனால், அவற்றின் வழியே நீர் சொட்டுச் சொட்டாகவே கசிந்தது. மேற்புறம் மிக மெல்லிய அடர்ந்த தோல், அதன் கீழே நுண்துளைகள் நிறைந்த தாங்கும் அடுக்கு என ஒரே படலத்தை இருவேறு தன்மை கொண்டதாக வார்த்ததுதான் அவர்களது சாதனை. அந்தப் படலத்தின் மூலப்பொருள் செல்லுலோஸ் அசிட்டேட். மரக்கூழிலிருந்தும் பஞ்சிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸின் வேதிமாற்ற வடிவம் அது.

அடுத்த பெரும் பாய்ச்சல் 1970களின் இறுதியில் நிகழ்ந்தது. அமெரிக்க வேதியியலாளர் ஜான் கடோட், நீரில் கரைந்த ஒரு சேர்மமும் எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைந்த மற்றொரு சேர்மமும் சந்திக்கும் எல்லையிலேயே பாலிஅமைடு என்ற படலத்தை உருவாக்கினார். நைலானின் உறவுக்காரப் பொருள் இது. அதன் தடிமன் தலைமுடியின் தடிமனில் சில நூற்றில் ஒரு பங்கே. இன்று உலகின் பெரும்பாலான கடல்நீர் ஆலைகளிலும் வீட்டுப் பெட்டிகளிலும் இருப்பது இந்த வகைச் சவ்வுதான். உப்பை நீக்குவதில் பாலிஅமைடு செல்லுலோஸ் அசிட்டேட்டை வென்றுவிட்டது. குறைந்த அழுத்தத்தில் அதிக நீரும் தருகிறது.

உப்பைப் பொறுத்தவரை வெற்றி தோல்வி தெளிவானது. கரிமச் சேர்மங்கள் என்று வரும்போது கணக்கு சிக்கலாகிறது. சவ்வு ஒரு சல்லடை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது மூன்று வழிகளில் வேலை செய்கிறது. முதலாவது, அளவு: பெரிய மூலக்கூறு நுழைய முடியாது. இரண்டாவது, மின்னூட்டம்: சாதாரண நீரில் பாலிஅமைடின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் பெற்றிருக்கும், எனவே எதிர் மின்னூட்டமுள்ள துகள்களை அது விலக்கித் தள்ளும். மூன்றாவது, உறவு: ஒரு சேர்மம் நீரைவிடச் சவ்வுப் பொருளோடு அதிகம் ஒட்டும் இயல்புடையதாக இருந்தால், அது சவ்வுக்குள் கரைந்து மெல்ல மறுபுறம் சென்றுவிடும்.

உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் கொண்ட அயனிகளாகப் பிரிந்து, நீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே அதைத் தடுப்பது எளிது. மின்னூட்டமற்ற சிறிய கரிம மூலக்கூறுக்கு இந்தத் தடைகள் எதுவும் பொருந்தா. அது சிறியது, விலக்கப்படுவதில்லை, சில வேளைகளில் சவ்வோடு நெருங்கியும் பழகும். உப்பை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நிறுத்தும் சவ்வு, இத்தகைய மூலக்கூறில் பாதியைத் தவறவிடக்கூடும்.

ஃபீனால் சொல்லும் பாடம்

இதற்கு ஃபீனாலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பிசின், வேதிப்பொருள் தொழில்களின் கழிவுநீரில் வருவது அது. செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வைக் கொண்டு ஃபீனால் கலந்த நீரைப் பிரித்த தொடக்ககால ஆய்வாளர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. உள்ளே அனுப்பிய நீரில் இருந்ததைவிட, சவ்வைக் கடந்து வந்த நீரில் ஃபீனாலின் செறிவு அதிகமாக இருந்தது. ஃபீனால் நீரைவிடச் சவ்வை அதிகம் விரும்பியதே காரணம். அதே சவ்வு அதே நேரத்தில் உப்பைச் செவ்வனே தடுத்துக்கொண்டிருந்தது.

இதற்குத் தீர்வும் வேதியியலிலேயே இருக்கிறது. நீரின் காரத்தன்மையை உயர்த்தினால் ஃபீனால் மின்னூட்டம் பெற்ற வடிவுக்கு மாறும். அப்போது சவ்வு அதை விலக்கும். ஆனால், அவ்வளவு காரத்தைச் செல்லுலோஸ் அசிட்டேட் தாங்காது. அதன் மூலக்கூறுகள் சிதைந்து சவ்வே வீணாகிவிடும். அதிகச் சூட்டையும் அது தாங்காது. பாலிஅமைடு தாங்கும். ஆக, ஒரு நஞ்சை நீக்க முடியுமா என்பது சவ்வின் துளையளவை மட்டும் பொறுத்ததன்று. அந்த நஞ்சைப் பிடிக்க ஏற்ற சூழலைச் சவ்வுப் பொருள் தாங்குமா என்பதையும் பொறுத்தது.

அப்படியானால் பாலிஅமைடே போதுமே என்று தோன்றும். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: குளோரின். மிகக் குறைந்த அளவு குளோரின்கூட நாளடைவில் பாலிஅமைடைச் சிதைத்துவிடும். செல்லுலோஸ் அசிட்டேட்டோ குளோரினை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கரிமப் பொருள் மிகுந்த நீர் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை சவ்வின் மேல் படலமாக வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் குளோரின் வேண்டும். சவ்வைக் காப்பாற்றக் குளோரின் கூடாது. இந்த இக்கட்டிலிருந்து தப்ப, கழிவுநீர் மறுபயன்பாட்டு ஆலைகள் பலவற்றில் குளோரினுக்குப் பதிலாக அதைவிட மென்மையான குளோரமைனைப் பயன்படுத்துகின்றனர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு மாவட்டம் 1970களிலிருந்தே கழிவுநீரைச் சவ்வு வழியே தூய்மைப்படுத்தி நிலத்தடியில் செலுத்திவந்தது. நம் மீஞ்சூரைப் போலவே அங்கும் கடல்நீர் உட்புகுவதைத் தடுப்பதுதான் நோக்கம். 2000ஆம் ஆண்டையொட்டி, அந்தத் தூய நீரிலேயே புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற சேர்மம் இருப்பது தெரியவந்தது. அதன் மூலக்கூறு எடை வெறும் 74, மின்னூட்டமும் கிடையாது, சவ்வு அதைப் போதிய அளவு தடுப்பதில்லை. குளோரமைன் சில கரிமப் பொருள்களோடு வினைபுரியும்போது இதே சேர்மம் உருவாகிறது என்பது இன்னும் கவலைக்குரிய செய்தி. சவ்வைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாட்டிலிருந்தே, அந்தச் சவ்வால் பிடிக்க முடியாத நஞ்சு உருவாகக்கூடும். 2008இல் அங்கே திறக்கப்பட்ட புதிய நிலையத்தில் சவ்வுக்குப் பிறகு புறஊதாக் கதிரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு மற்றொரு கட்டச் சுத்திகரிப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. சிக்கலைக் கண்டார்கள், வெளிப்படையாகச் சொன்னார்கள், சரிசெய்தார்கள். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், அவர்கள் உப்பை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளாமல் கரிமச் சேர்மங்களையும் தேடியதுதான்.

அளப்பதும் அளக்காததும்

நாம் எதை அளக்கிறோம்? வீட்டுக்கு வரும் விற்பனையாளர் பேனா போன்ற ஒரு கருவியை நீரில் நனைத்து, 'டி.டி.எஸ். 40தான் சார்' என்று காட்டுகிறார். நாமும் நிம்மதியடைகிறோம். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைக் கணித்துச் சொல்கிறது. ஃபீனாலோ, பென்சீனோ, பெரும்பாலான பூச்சிக்கொல்லிகளோ அதில் பதிவாகமாட்டா. அவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. ஃபீனால் வகைச் சேர்மங்களுக்கு அந்த வரம்பு 0.001 மில்லிகிராம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்து லட்சம் மடங்கு வேறுபாடு. முதலாவதை அளக்கும் கருவியைக் கொண்டு இரண்டாவதற்கு நற்சான்று வழங்குவது, தராசில் எடை போட்டுப் பாலின் தரத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வீட்டுப் பெட்டியிலும் கேன் நீர் நிறுவனத்திலும் கரிமச் சேர்மங்களைப் பெருமளவு பிடிப்பது சவ்வுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் கிளர்வூட்டிய கரி வடிகட்டிதான். அதன் கொள்ளளவு ஒருநாள் நிரம்பிவிடும். நிரம்பியதை டி.டி.எஸ். கருவி காட்டாது; நாக்கும் பெரும்பாலும் காட்டாது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான உப்புள்ள நீருக்கு ஆர்.ஓ. கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியதையொட்டி எழுந்த விவாதமும்கூட உப்பையும் வீணாகும் நீரையும் சுற்றியே நடந்தது. தொழிற்பேட்டைகளை ஒட்டி வாழ்பவர்களுக்கு அதைவிட முக்கியமான கேள்வி, தங்கள் கிணற்றுநீரில் உப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது என்பது.

தொழிற்சாலை அளவிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதன்று. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது பாராட்டத்தக்க முயற்சி. கழிவுநீரின் கரிமச் சுமையை நாம் வழக்கமாக வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவால் கணிக்கிறோம். உப்பு மிகுந்த நீரில் அந்தச் சோதனையே தடுமாறும். நீரிலுள்ள குளோரைடும் சோதனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, கரிமப் பொருள்போல் கணக்கில் ஏறிவிடும். அதைத் தவிர்க்கப் பாதரச உப்பைச் சேர்க்க வேண்டும். உப்பு அளவு மீறினால் அதுவும் போதாது. மொத்தக் கரிமக் கார்பனை நேரடியாக அளக்கும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. உவர்நீரைக் கையாளும் தொழிற்பேட்டைகளில் அவைதாம் அடிப்படை அளவுகோலாக இருக்க வேண்டும். தனித்தனி நஞ்சுகளுக்கான ஆய்வகச் சோதனை அதற்கு மேல் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடைபெற வேண்டும்.

திருப்பூர் கொடுத்த விலை

உப்பையும் கரிமப் பொருளையும் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்க முயன்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும்போது, சாயம் நூலில் ஏற வேண்டும் என்பதற்காகத் தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைக் கரைக்கிறார்கள். உப்பு முழுவதும் கழிவோடு வெளியேறும். சாயத்திலும் ஒரு பகுதி ஒட்டாமல் வெளியேறும். அந்தச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு நகரத்தின் தொழிலே நின்றது.

அதன்பின் திருப்பூர் மீண்டெழுந்த விதத்தில் சவ்வுகளுக்குப் பெரிய பங்குண்டு. சாயமூலக்கூறு பெரியது, அதன் மூலக்கூறு எடை பெரும்பாலும் 500க்கு மேல், எதிர் மின்னூட்டமும் உடையது. நேனோ வடிகட்டல் எனப்படும், சற்றே தளர்வான சவ்வு வகை, இந்தச் சாயத்தைத் தடுத்துவிட்டுச் சமையலுப்பான சோடியம் குளோரைடை மறுபுறம் விட்டுவிடும். சாயமற்ற அந்த உப்புநீரை மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பலாம். ஆனால், சாயமேற்றச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தினால் கணக்கு மாறும். இரட்டை மின்னூட்டமுள்ள சல்பேட்டை அதே சவ்வு விலக்கிவிடும். சாயமும் சல்பேட்டும் ஒரே பக்கம் தங்கிவிடும். நீரில் உப்பு மிகமிக, சவ்வின் மின்னூட்டத்தின் வலிமை மங்கி, விலக்கும் திறனும் குறையும். எனவே எந்த உப்பு, எவ்வளவு செறிவு, எந்தச் சவ்வு என்ற மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. கரிமப் பொருள் கலவாத உப்பு ஒரு பண்டம். அதை மீண்டும் பயன்படுத்தலாம், விற்கலாம். கரிமப் பொருளும் பலவகை உப்புகளும் கலந்த எச்சம் குப்பை. அதைக் காவல் போட்டுச் சேமித்துவைக்க வேண்டும். திருப்பூர் சுத்திகரிப்பு நிலையங்களில் கொதிகலனின் முடிவில் கிடைக்கும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கிய கதை தொழில்துறையினர் அனைவரும் அறிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தீர்மானிப்பது, ஆவியாக்குவதற்கு முன்பே சவ்வு எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்தது என்பதுதான்.

கடைசிச் சொட்டின் விலை

கழிவுநீரைச் சவ்வு வழியே செலுத்தும்போது நஞ்சு அழிவதில்லை. ஒரு பக்கம் திரள்கிறது, அவ்வளவே. லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள கழிவுநீரில் 80 விழுக்காட்டை நல்ல நீராக எடுத்துவிட்டால், மீதமுள்ள நீரில் உப்பு 25 கிராமாக உயரும். 90 விழுக்காட்டை எடுத்தால் 50 கிராம். அது கடல்நீரைவிட உப்பானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். கரிமச் சேர்மங்களும் அதே விகிதத்தில் செறிவடையும்; செறிவடையும்போது சவ்வில் படியும், கசியவும் செய்யும். பொருளியலில் இறுதிநிலைச் செலவு என்று சொல்வோமே, அது இங்கே செங்குத்தாக ஏறுகிறது.

கடல்நீரைச் சவ்வு வழியே நன்னீராக்க, ஆயிரம் லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரை நேரடியாகக் கொதிக்கவைத்து ஆவியாக்க 600 யூனிட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. பல அடுக்கு ஆவியாக்கிகள் அதை வெகுவாகக் குறைக்கின்றன என்றாலும், சவ்வோடு ஒப்பிடும்போது செலவு பன்மடங்கே. ஆகவே, கழிவே வெளியேறக் கூடாது என்ற விதியின் சுமை முழுவதும் அந்தக் கடைசிப் பத்து விழுக்காட்டில் விழுகிறது. சிறு தொழிற்சாலையைச் சட்டத்தை மீறத் தூண்டும் இடமும் அதுவே. மழைநாளிலும் இரவிலும் திறக்கப்படும் குழாய்களுக்குத் தீய எண்ணம் மட்டுமே காரணமன்று, கணக்கும் காரணம். ஒருவர் ஈட்டும் இலாபத்தின் செலவை மற்றவர் சுமப்பதைப் புறச்செலவு என்று வகுத்து, அதற்கு வரி விதிக்கலாம் என்று 1920இல் ஆர்தர் பிகூ எழுதினார். அபராதம் மட்டும் போதாது, சரியாகச் செய்வதன் செலவும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது திருப்பூர் சேர்த்துக் கற்பித்த பாடம்.

சவ்வின் மூலப்பொருளைத் தேர்வு செய்யும் முறை இந்தச் செலவை நேரடியாகப் பாதிக்கிறது. எண்ணெய்ப்பசையும் கரிமப் பொருளும் மிகுந்த உவர்நீரைக் கரடுமுரடான பாலிஅமைடுச் சவ்வுக்கு நேரே அனுப்பினால், அது விரைவில் அடைபடும். நீரிலுள்ள கால்சியம், கரிம மூலக்கூறுகளைச் சவ்வோடு பிணைக்கும் பாலமாகி அடைப்பை இறுக்கும். முன்னதாக ஒரு நுண்வடிகட்டி வேண்டும். அதிலும் பொருள்வேறுபாடு உண்டு. நீரை விலக்கும் இயல்புள்ள பிளாஸ்டிக் சவ்வில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். நீரை ஈர்க்குமாறு பதப்படுத்திய சவ்வில் குறைவாக ஒட்டும். அலுமினா, டைட்டானியா போன்ற பீங்கான் சவ்வுகள் விலை அதிகமானவை. எனினும் சூடு, காரம், குளோரின், கரைப்பான் அனைத்தையும் தாங்கும். பல ஆண்டுகள் உழைக்கும்.

குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்ற நம் வழக்கத்தில் இந்த வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. முதல் நாள் விலை குறைவாக உள்ள சவ்வு தேர்வாகிறது. மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டிய செலவும், அடைப்பை நீக்கும் வேதிப்பொருள் செலவும், கூடுதல் மின்சாரமும், மாற்றாமல் ஓட்டும் நாள்களில் ஊருக்குள் கசியும் நஞ்சின் விலையும் ஒப்பந்தப்புள்ளியில் இடம்பெறுவதில்லை.

வடசென்னைக் கடற்கரையின் சிறப்புச் சிக்கல்

கடல்நீரே நமக்கு மூலப்பொருளாகிவிட்ட பிறகு, கடலில் கலப்பது எதுவானாலும் அது நம் வீட்டுக் குழாய்க்கான கேள்வியாகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தை அடுத்துக் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் வாழ்வும் பாழானதை நாடே பார்த்தது. காட்டுப்பள்ளியில் கடல்நீரை உறிஞ்சும் குழாயும் இதே கடற்கரையில்தான் இருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப்பார்த்தோம்? கரைந்த எண்ணெய்ப்பொருள் பாலிஅமைடுச் சவ்வுக்குப் பெரும்பகை. 2008-09இல் வளைகுடா நாடுகளின் கடலில் நச்சுப்பாசி பெருகியபோது கடல்நீர் ஆலைகள் சில வாரக்கணக்கில் மூடப்பட்டன. உப்பு அன்றும் வழக்கம்போல்தான் இருந்தது. ஆலைகளை நிறுத்தியது கரிமப் பொருள்.

நம்மிடம் நல்ல முன்னுதாரணங்களும் இருக்கின்றன. மணலியின் பெரிய தொழிற்சாலைகள் 1990களிலேயே நகரத்தின் கழிவுநீரைச் சவ்வு வழியே தூய்மைப்படுத்திப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019இல் கொடுங்கையூரில் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம், மணலி முதல் மீஞ்சூர் வரையிலான ஆலைகளுக்கு நீர் வழங்குகிறது. அந்த அளவு நன்னீர் ஏரிகளில் மிஞ்சுகிறது. எனவே சவ்வுத் தொழில்நுட்பத்தை ஐயுறுவது என் நோக்கமன்று. அதன் எல்லையை அறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது, கும்மிடிப்பூண்டி போன்ற பலவகைத் தொழில்கள் சேர்ந்திருக்கும் பேட்டைகளில் உருக்காலை நீரையும் வேதி ஆலை நீரையும் மருந்தாலை நீரையும் ஒரே குழாயில் கலக்கக் கூடாது. கலப்பதற்கு முன் பிரிப்பது மலிவு. கலந்தபின் பிரிப்பது பெருஞ்செலவு. இரண்டாவது, சவ்வை வாங்கும் முன் அந்தந்த ஆலையின் உண்மையான கழிவுநீரில் சில மாதங்கள் முன்னோட்டச் சோதனை நடத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்பந்தம் முதல் விலையைக் கொண்டு அல்லாமல் முழு ஆயுட்காலச் செலவைக் கொண்டு முடிவாக வேண்டும்.

மூன்றாவது, சுத்திகரித்த நீரின் உப்பளவோடு மொத்தக் கரிமக் கார்பன் அளவையும், ஒதுக்கப்பட்ட செறிவுநீர் எவ்வளவு, எங்கே சென்றது என்ற கணக்கையும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். உள்ளே வந்த உப்பும் வெளியே போன உப்பும் ஒத்துவராத கணக்கே, எங்கோ ஒரு குழாய் திறக்கப்படுகிறது என்பதற்கான முதல் சாட்சி. நான்காவது, சிறு தொழில்கள் சவ்வு மாற்றுவதற்கென மாதந்தோறும் ஒரு நிதியை ஒதுக்குவதையும், அதற்குக் குறைந்த வட்டிக் கடன் கிடைப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மூடல் உத்தரவுக்குப் பிறகு கடன் தருவதைவிட அதற்கு முன்பே தருவது நாட்டுக்கு இலாபம். ஐந்தாவது, தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் கிணறுகளிலும், அங்கிருந்து நீரெடுக்கும் கேன் குடிநீர் நிறுவனங்களிலும் ஃபீனால், கரைப்பான்கள் உள்ளிட்ட கரிமச் சேர்மங்களுக்கான சோதனையை ஆண்டுக்கு இரு முறையேனும் நடத்தி, முடிவைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சவ்வைப் படைத்த அறிவியலே அதன் குறைகளையும் அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. ஏரியும் ஆறும் நிலத்தடி நீரும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலம் இது. ஓரிடத்தில் தவறவிட்டதை இன்னோரிடத்தில் குடிக்க நேரும். குடிநீரின் தூய்மையை மின்கடத்தும் பேனாவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்குப் பதிலாக, 'உப்பு எவ்வளவு?' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் 'வேறென்ன இருக்கிறது?' என்றும் நாம் கேட்கப் பழக வேண்டும். விடை சொல்லும் கடமை வாரியத்துக்கும் ஆலைகளுக்கும் உண்டு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).